தும்மலில் பறந்த பனியுகம்

மார்ச் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. ஆய்வு நிலையத்தின் சோதனை இயந்திரத்தை இயக்கப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இயந்திரக்காரர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள நுண்ணோக்கி அறைக்குள் நுழைந்தார், வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார், தும்மினார்.

நுண்ணோக்கியின் கீழிருந்த கறுப்புத் தட்டு துடைத்துவிட்டாற்போல் வெறுமையாயிற்று.

"மூக்கா அது, பீரங்கியா?" என்றார் அங்கு அமர்ந்திருந்த பெண்மணி. அவர் கையிலிருந்த மெல்லிய தூரிகை அந்தரத்திலேயே நின்றது. ஆய்வு நிலையத்தில் அவருக்குத் தூரிகையக்கா என்று பெயர். ஆழ்கடல் சேற்றைச் சல்லடையில் அலசி, அதில் மிஞ்சும் நுண்ணுயிர்களின் மணலளவு ஓடுகளில் வேண்டிய இனத்தை மட்டும் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுப்பார். அந்த ஓடுகளின் வேதியியலைக் கொண்டு பழங்காலக் கடலின் வெப்பத்தைக் கணிப்பது அவருடைய ஆய்வு. பேருந்து ஓட்டும் அவர் கணவருக்கு இதில் ஒரு தீராக் குறை: "என்னிக்கோ இருந்த கடலுக்குக் காய்ச்சல் பாக்குறா. எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை டப்பா இருக்கிற பக்கம் கையைக் காட்டுறா."

பறந்தவற்றைத் தேடிப் பயனில்லை. கிடைத்தாலும் அவை எந்தச் சேற்றடுக்கின் ஓடுகள் என்று யார் சாட்சி சொல்வது? மூடிய குப்பியில் முன்பே சேர்த்திருந்த சிறிதளவே தப்பியது. அந்த அடுக்கின் சேறு முழுவதும் அலசி முடிந்துவிட்டது. அதை அள்ளிவந்த கப்பலும் இனி அப்பக்கம் போகாது.

தப்பியது ஒரு சோதனைக்கே போதும், தேவையோ இரண்டு. கடல் குளிர்ந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜன் கூடும். இலகுவான ஆக்சிஜன் நிலத்துப் பனியில் சிறைப்பட்டாலும் அது கூடும். ஓட்டிலுள்ள மெக்னீசியம் வெப்பத்தைக் காட்டிக்கொடுக்கும். அதைக் கழித்தால் மிஞ்சுவது பனியின் பங்கு. ஆழ்கடல் அதிகம் குளிராதபோதே பனிப்படலம் பெருகிவிட்டது என்பது தூரிகையக்காவின் வாதம். அதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த அடுக்கு.

"என்ன வேணும்னாலும் கேளுங்கக்கா, செய்றேன். உங்களுக்குக் கடன்பட்டுட்டேன்."

"கடன் கெடக்கட்டும் தம்பி. முதல்ல மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காருங்க."

அந்நிலையத்தின் வழக்கம், ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி ஓடுகளைப் பொறுக்குவது. தூரிகையக்கா குப்பியை விளக்கொளியில் ஆட்டிப் பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும் நொறுக்கிக் கலந்து, பொடியைப் பங்கு போட்டா? உங்க மெஷின் எவ்வளவு கொஞ்சத்துல பேசும்?" என்று கேட்டார்.

"அதை நான் பட்டினி போட்டுப் பாத்ததில்லையே!"

"பாருங்க. ரெண்டு பங்கும் பேசலன்னா எனக்கு ஓடும் இல்ல, வாதமும் இல்ல."

அந்த வாரம் முழுவதும் இயந்திரக்காரர் விடை முன்பே தெரிந்த பளிங்குத் தூளைக் குறைத்துக் குறைத்து ஊட்டி இயந்திரத்தைப் பழக்கினார். பின்னர் தூரிகையக்கா இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஓடுகளை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். இனித் திரும்ப வழியில்லை.

ஆக்சிஜன் முடிவு முதலில் வந்தது: கனமானது மளமளவென ஏறியிருந்தது. குளிரா, பனியா? மறுநாள் மாலை மெக்னீசியம் பதில் சொன்னது. இயந்திரக்காரர் ஒற்றைச் செருப்போடு நடைவழியில் ஓடிவந்தார்.

"அக்கா! தண்ணி குளிரவே இல்லக்கா! அரை டிகிரிகூட இறங்கல!"

"அப்போ ஏறினது..."

"பனி! அத்தனையும் பனி!"

தூரிகையக்கா எழுந்த வேகத்தில் சுழல் நாற்காலி சுவர்வரை ஓடி மோதியது. அழைத்துப்போக வந்த கணவர் வாசலில் திகைத்து நின்றார்.

"என்னாச்சு?"

"பனி மலைமலையா வளந்திருக்குங்க!"

"எப்போ?"

"பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி!"

"அதான பாத்தேன், வெளியில வேர்த்துக் கொட்டுதேன்னு!"

அன்றுமுதல் அந்நிலையத்தில் வழக்கம் மாறியது: முதலில் நொறுக்கு, பிறகு பங்கிடு. இயந்திரக்காரரோ தம் கடனை மறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் இயந்திரத்தில் ஒரு நாளை எவருக்கும் ஒதுக்காமல், அக்கா கேட்டால் தருவதற்கென்றே வைத்திருந்தார். பேராசிரியர்கள் கெஞ்சியும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. தூரிகையக்காவுக்கு அது தெரியும். எத்தனையோ அவசரங்கள் வந்தன. அப்போதெல்லாம் குப்பிகளை ஏந்தி, எல்லாரையும்போல வரிசையில் நின்றார். ஓய்வு பெறும்வரை அந்த நாளை அவர் கேட்கவே இல்லை.