பதினைந்து நிமிடம் முன்னால்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சுவர்க் கடிகாரம் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். பழுது ஒன்றும் இல்லை. என் மாமியார் அப்படித் திருப்பி வைத்திருக்கிறார். "கொஞ்சம் முன்னாடி இருந்தாத்தான் பஸ்ஸப் புடிக்க முடியும்" என்பார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே நானும் கழித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். எட்டு என்றால் ஏழே முக்கால். நான் கணக்கு டீச்சர். அந்தக் கழித்தலை ஒரே ஒரு நாள் மறந்தேன்.

அப்போது புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். மகளுக்கு எட்டு மாதம். அங்கே எனக்கு நெருக்கமாக இருந்தவர் பி.டி. மிஸ். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். வருடத்தில் ஒருநாள், விளையாட்டுப் போட்டி டூட்டி என்று வீட்டில் சொல்லிவிட்டு, கொடைக்கானல் போகும் வழியில் உள்ள ஒரு மலையின் உச்சிக்குத் தனியாக ஏறி அன்றைக்கே இறங்கிவிடுவார். எங்கள் பக்கத்தில் மலை என்றால் பாறைதான். நார்த்தாமலையில் கைப்பிள்ளையோடுகூட ஏறிவிடலாம், மேலே நின்றால் நிறுத்திவிட்டு வந்த வண்டி தெரியும். தான் ஏறும் மலையில் நின்றால் கீழே உள்ளது எதுவும் தெரியாது, அத்தனை உயரம் என்றார் அவர்.

வழக்கமாக, இறங்கிவிட்டேன் என்று அவர் சொல்லும் போனுக்காகக் காத்திருக்கும் தோழி வெளிநாடு போய்விட்டதால் அந்த வருடம் என்னிடம் கேட்டார். நான் எதற்கு மிஸ் என்றேன். "கேஸ மூடுனமான்னு பாதி வழியில ஆட்டோவத் திருப்பிக்கிட்டுப் போற ஆளு நீ. ஒன்னய மாதிரி பயந்தாங்கொள்ளிதாம்மா இதுக்குச் சரி. தைரியசாலிக்கிட்ட குடுத்தா அவ படுத்துத் தூங்கிருவா" என்று சிரித்தார். ஸ்கோர் எழுதும் தாளின் பின்பக்கத்தில் மலையின் பெயர், ஏறும் பாதை, போட்டிருக்கும் சட்டையின் நிறம் எல்லாம் எழுதிக் கொடுத்தார். அடிக்கோடிட்ட கடைசி வரிகள் இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன. "மாலை ஐந்து மணிக்குள் பேசுவேன். ஐந்து ஆகியும் பேசாவிட்டால் என் அண்ணனிடம் சொல். அதற்கு முன்னால் சொல்லாதே."

அவர் குறித்திருந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, "ஏறப் போறேன், மேல டவர் இருக்காது" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு எதுவும் இல்லை. நண்பகலில் எங்கள் தெருவில் நாலு தூறல் விழுந்தது. இங்கேயே தூறுகிறது என்றால் அங்கே என்ன பெய்கிறதோ என்று தொடங்கிய பயம் நிற்கவில்லை. ஈரப் புல்லில் கால் வழுக்குவதையும், காட்டெருமை எதிரே நிற்பதையும், அவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காமல் போவதையும் மாறி மாறிப் பார்த்தேன். குழந்தைக்கு ஊட்டிய சோறு பாதி அதன் கழுத்தில் வழிந்ததைக்கூட மாமியார் சொல்லித்தான் கவனித்தேன். அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பு கிழிந்தது. போனைத் தொட்டால் வருகிற அழைப்பைத் தவறுதலாகத் துண்டித்துவிடுவேனோ என்று சார்ஜில் போட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். கண் முன்னால் இருந்தது சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.

அதில் ஐந்தானது. பொறுமையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு தாளில் இருந்த எண்ணைப் பார்த்து அவர் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"மலையா? எந்த மலைங்க? ஒங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?" என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோதே காதில் இன்னொரு அழைப்பின் ஒலி கேட்டது. போனை விலக்கிப் பார்த்தேன். மிஸ்ஸின் பெயர். அதற்கு மேலே நேரம், நான்கு ஐம்பத்து நான்கு.

"எறங்கிட்டேம்மா, டீ குடிக்கிறேன். உச்சியில ஒரே பனிமூட்டம், ஒன்னுமே தெரியல. ஆனா போயி நின்னுட்டேன்" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். நான் செய்ததைச் சொன்னேன்.

"அஞ்சு ஆகலையேம்மா."

"எங்க வீட்டுக் கடிகாரத்துல ஆயிருச்சு மிஸ்."

"ஒங்க வீட்டுக் கடிகாரத்த நான் யோசிக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று அவர் திரும்பி வந்தபோது அண்ணன் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தாராம். திங்கட்கிழமை மிஸ் எப்போதும்போல வந்தார், எப்போதும்போல மைதானத்தில் விசில் ஊதினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நிஜமான போட்டிகளுக்குக்கூட அண்ணன்தான் கொண்டுவந்து விட்டு, கூட்டிப் போனார். மலைப் பேச்சு நின்றுபோனது. அடுத்த வருடம் நானும் வேலையை விட்டேன். அன்றைக்குக் கழிக்க மறந்தேனா, அல்லது அந்தப் பயத்தை இன்னொருவர் தலையில் இறக்கி வைக்க அவசரப்பட்டேனா என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றுகிற நாட்கள் அதிகம்.

போன மாதம் வாட்ஸப்பில் ஒரு தாளின் படம் வந்தது. அதே கையெழுத்து, அதே அடிக்கோடு. அண்ணனுக்குப் பதில் வனத்துறை என்று இருந்தது. கீழே, "தனியா வீடு எடுத்துட்டேம்மா. சனிக்கிழமை ஏறுறேன். இந்தத் தடவையும் நீதான்." வேறு யாரையாவது கேளுங்கள் மிஸ் என்று எழுதினேன், அழித்தேன். சரி மிஸ் என்று அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமையும் மேற்கே மேகம் இருந்தது. ஏழு வயது மகள் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் மணியடிக்கும் சத்தம் நின்றால் வாசலுக்கு ஓடுவதும், திரும்பி வந்து போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். மிஸ்ஸுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐந்து ஆனது. வனத்துறை எண்ணைத் திரையில் எடுத்து வைத்திருந்தேன். பதினைந்தைக் கழித்தேன். நான்கு ஐம்பது. இந்தப் பத்து நிமிடத்தில் அவர் உயிர் போய்க்கொண்டிருந்தால்? மறுபடி கழித்தேன். எண்ணைத் தொடாமல் உட்கார்ந்தேன்.

நான்கு ஐம்பத்தேழுக்குப் போன் ஒலித்தது. ஒரே ஒரு செய்தி.

"எறங்கிட்டேன். ஒங்க வீட்டுல மணி என்ன?"

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாம் முறை சரியாக எழுதினேன்.

"அஞ்சு பன்னெண்டு, மிஸ்."