பாலம் வரைக்கும் வீரர்

டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் வெர்லின் டாக்கெட் துப்பாக்கியைத்தான் பார்ப்பார். குண்டு ஏறியிருக்கிறதா என்று மூன்று தடவை. பதினெட்டு டயர்களுக்கும் சேர்த்து ஒரே தடவை, அதுவும் நடந்துகொண்டே. கென்டக்கியிலிருந்து உறைந்த கோழிகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே போகிற மனிதர். அந்தக் கோழிகளைக் கொள்ளையடிக்க இன்றுவரை ஒரு திருடனும் வந்த பாடில்லை.

"பன்னெண்டு வருஷமா வச்சிருக்கியே பெரிசு, யாரையாச்சும் சுட்டியா?" என்பான், கூடவே இன்னொரு லாரி ஓட்டி வரும் டாயில்.

"சுடல. இது இருக்குறதாலதான்டா ஒருத்தனும் கிட்ட வரல" என்பார் வெர்லின், வாய் நிறையப் பன்றிக்கறியோடு. இந்த வாதத்தை ஜெயிக்க எந்த வக்கீலாலும் முடியாது. சும்மா சொல்லக்கூடாது, பயத்துக்குக் காரணம் உண்டு. சாலையோர ஓய்விடத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளியை எவனோ இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டான். அந்தக் கூட்டாளி அப்புறம் வண்டி ஓட்டவே இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் வெர்லின் கதையளக்க மாட்டார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போலீஸ்காரர் நிறுத்தினால் லைசன்ஸோடு துப்பாக்கி அனுமதி அட்டையையும் சேர்த்தே நீட்டுவார். அது அவர் ஊர் மரியாதை. "என்ன மாடல்ணே?" என்று போலீஸ்காரரும் கேட்பார், இருவரும் கால்மணி நேரம் பேசுவார்கள். பென்சில்வேனியா வரைக்கும் அந்த அட்டை செல்லும். டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியூஜெர்சி மாநிலத்துக்குள் போய்விட்டால் அட்டை செல்லாது, அதே துப்பாக்கிக்கு வருஷக்கணக்கில் ஜெயில். லாரி லைசன்ஸும் அதோடு சரி. ஐம்பத்தொன்பது வயதில் அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. ஆகையால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஈஸ்டனிலேயே கோழியை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்.

போன செவ்வாய் மதியம், பின்னால் வந்துகொண்டிருந்த டாயிலுக்கு லாரி ரேடியோவில் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார். "ரோட்டுல எப்பவும் முழிப்பா இருக்கணும்டா. சுத்தி என்ன நடக்குதுன்னு கண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும்." பாடம் நடந்த மும்முரத்தில் ஈஸ்டனுக்கு இறங்கும் வழி பின்னால் போய்விட்டது.

"பெரிசு, நீ இறங்கலையா? முன்னாடி பாலம்!"

"அய்யய்யோ, டேய்!"

பதினெட்டுச் சக்கர வண்டியைப் பாலத்தில் திருப்புவதாவது! அக்கரை சேர்ந்ததும் சட்டத்துக்குப் பயந்து வெர்லின் கட்டைவண்டி வேகத்தில் ஊர்ந்தார். நெடுஞ்சாலையில் அதைவிடச் சந்தேகமான காரியம் வேறில்லை. ஐந்தே நிமிடத்தில் பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது.

"ஏன் சார் இப்படி உருட்டுறீங்க? உடம்பு ஏதும் முடியலையா?" என்றார் இளம் போலீஸ்காரர், நிஜமான அக்கறையோடு. "லைசன்ஸைக் காட்டிட்டுக் கிளம்புங்க, போதும்."

வெர்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பர்ஸைத் திறந்தார். பணிவாக நீட்டினார், இரண்டு அட்டைகளை.

கை நீட்டி முடித்த பிறகுதான் மூளைக்குச் சேதி போனது. போலீஸ்காரர் இரண்டாவது அட்டையைப் படித்தார். ஓரடி பின்வாங்கித் தன் துப்பாக்கியை உருவினார். இத்தனை காலம் வெர்லின் பயந்து பயந்து காத்திருந்த ஆயுதம் தாங்கிய மனிதர் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார்.

"கையத் தூக்கு! எங்க இருக்கு அது?"

வெர்லின் இரண்டு கைகளையும் கூரை முட்டத் தூக்கினார். அப்புறம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லையே என்று, இருக்கையின் ஓரத்தை மோவாயால் காட்டினார்.