துடைத்தெடுத்த சிவப்புப் புள்ளிகள்

சனிக்கிழமை காலை ஏழு மணி. மெரிலேண்ட்ஸ் வீட்டுக் கராஜைத் திறந்ததும், நாங்கள் கட்டிக்கொண்டிருந்த சிறு விமானத்தின் வால்பகுதியில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன். முதல்நாள் நான் வெளியே நின்று தகடுகளைப் பொருத்தும் ரிவெட் ஆணிகளை அடிக்க, மனைவி உள்ளே படுத்து இரும்புக்கட்டியால் முட்டுக்கொடுத்த இடம் அது.

பார்க்க வந்த, என் மனைவியை அக்கா என்றழைக்கும் நண்பனிடம், "உன்ரை அக்கா பிளேனுக்கும் குங்குமம் வைச்சிட்டா. இனி மேய்ஸ் ஹில் முருகனிட்டைக் கொண்டுபோய்த் தேங்காய் உடைக்கிறதுதான் மிச்சம்" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். துணியால் துடைத்தேன், போகவில்லை. பெயின்ட் கரைக்கும் தின்னர் ஊற்றித் தேய்த்தேன். அலுமினியம் பளிச்சென்றது.

தேநீருடன் வந்த மனைவி என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"என்னப்பா செய்தனீங்கள்? அது என்ரை நெயில் பொலிஷ். உள்ளுக்கை வளைஞ்சுபோன ஆணியளுக்கு வெளியிலை அடையாளம் வைச்சனான்."

வளைந்த ஆணியை மாற்றாமல் விட்டால் பறக்கும்போது தகடு கழலலாம். பறக்கப்போவது நாங்கள் இருவரும்தான்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நேற்றுச் சொன்னனான். உனக்கென்ன தெரியும் எண்டனீங்கள்."

நண்பன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஊர்ந்தாள்.

குங்குமமாயிருந்தால் வெறுந்துணியிலேயே போயிருக்கும்.