மணிக்கயிற்றில் தொங்கியவர்கள்

சிட்னியில் ஒரு பழைய கல் தேவாலயத்தின் கோபுர அறைக்குள் நிற்கிறேன். கூரையிலிருந்து ஆறு கயிறுகள் தொங்குகின்றன. மேலே இருக்கும் மணிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவையாம். அங்கத்திய வழக்கப்படியே இங்கும் ஊர்க்காரர்கள் வட்டமாக நின்று, ஆளுக்கொரு மணியை முறைவைத்து அடிக்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் டூங்கபி என்ற புறநகரிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து அன்ரி! பயிற்சி முடிந்ததும் என் ஆவலைப் பார்த்து அவரே கூப்பிடுகிறார்.

"ஒருக்கா இழுத்துப் பாக்கிறீங்களோ? கம்பளி சுத்தின இடத்திலை பிடியுங்கோ. இழுத்த உடனை அதை விட்டிடோணும்."

தலையாட்டிவிட்டு இழுக்கிறேன். மேலே மணி முழு வட்டமாகச் சுழல, கயிறு விர்ரென்று மேலே பாய்கிறது. நாகர்கோவில் சர்ச்சில் கயிற்றை விடாமல் மணியடித்துப் பழகிய கை பிடியை விடுமா? என் குதிகால்கள் தரையைவிட்டு எழும்புகின்றன.

"விடு! விடு!" என்று கத்துகிறார் அன்ரி, மரியாதையெல்லாம் மறந்து. விடுகிறேன். கயிற்றின் நுனியைப் பிடித்து அவர் அடக்குகிறார். தலைக்கு மேல் எழுந்த முழக்கத்தில் நெஞ்சுக்கூடே அதிர்கிறது.

அன்ரி விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"நானும் முதல் நாள் விடேல்லை. இஞ்சை வர முந்தி இங்கிலாந்திலை ஒரு சின்ன டவுனிலை இருந்தனான். போய் ஒரு வருசமா ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. மணியடிக்க ஆள் தேவையெண்டு சர்ச் வாசல்லை போட்டிருந்தவை, போனனான். கயித்திலை தொங்கினனான். அடுத்த நாள் பேக்கரிக்காரி கேக்கிறா, 'நேற்றுத் தொங்கினது நீங்கள்தானே?' எண்டு. அதுக்குப் பிறகு அந்த டவுனிலை எனக்குத் தெரியாத ஆளே இல்லை."

"இன்னொரு தடவை இழுக்கட்டுமா?" என்று கேட்கும்போதே என் கை கம்பளியில் இருக்கிறது.