கோப்பில் இல்லாத வழி

சுங்கை லாலாங்கில் வீடு, பீடோங்கில் வேலை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் தனியார் மையம் ஒன்றில் கணினி சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். உண்மையில் குளிர்சாதனம் போட்ட ஒரு பொந்தில் ஒரு பெட்டியோடு குடித்தனம்.

அந்த அறைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலி ஒரு முன்னாள் லாரி ஓட்டுநருடையது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கையில் இரண்டு ஊசியோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நான் கதவைத் திறந்தால் சும்மா விடமாட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு உன் பெட்டிக்குக் காய்ச்சலா?"

"உங்களவிட அது தேவலைலா அண்ணே. ஊசி குத்தினா கத்தாது."

அவர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும்.

என் வேலையில் ஒரு பகுதி, ஒரு பட்டியலைச் சரிபார்ப்பது. எந்தச் செய்தியை எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று சர்வர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதை ரூட் என்போம். அது இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, பெட்டி ஓடும்போது அதன் நினைவில் இருப்பது. மற்றது, கோப்பில் எழுதிவைத்தது. பெட்டியை நிறுத்திப் போட்டால் நினைவு போய்விடும், கோப்பில் உள்ளது மட்டும் திரும்ப வரும். அதனால் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு புதன்கிழமை, ஒரு வரி இடித்தது. நினைவில் இருந்தது, கோப்பில் இல்லை. எனக்கு முன்னால் வேலை பார்த்த அண்ணன் எப்போதோ அவசரத்துக்குக் கையால் போட்டுவிட்டு எழுதிவைக்காமல் போயிருக்கிறார். எனக்கு எரிச்சல். இப்படி அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த வரி காட்டிய முகவரி உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. தட்டினால் பதில் சொல்லக்கூடாது என்று பூட்டிவைத்த பெட்டிகள் எத்தனையோ உண்டு. அது எனக்குத் தெரியாததல்ல.

இரண்டையும் ஒன்றாக்க இரண்டு வழி. அந்த வரியைக் கோப்பில் எழுதலாம், அல்லது நினைவிலிருந்து அழிக்கலாம். நான் அழித்தேன். எழுத்தில் இல்லாதது இல்லவே இல்லை என்பது எங்கள் வீட்டில் ஊறிப்போன புத்தி. அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே பால் மரம் வெட்டியவர், தான் பிறந்ததை நிரூபிக்கப் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கவுண்டரில் இருந்தவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை, தாளைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு அந்த வரியை நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அறிக்கையில் "வித்தியாசம் எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த செவ்வாய் காலை மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தலைமைத் தாதி என் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, பிளட் ரிசல்ட் எல்லாம் போன மாசத்துதே நிக்குதுலா. ஒரு நம்பர்கூட மாறல. லைன் ஓகேவா?"

பார்த்தேன். நான் அழித்த வரிதான் ஜித்ராவில் இருக்கும் பரிசோதனைக்கூடத்துக்கு ஒரே வழி. முடிவுகள் சாதாரண இணைய இணைப்பில் வருகின்றன என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். புது முடிவு வராவிட்டால் திரை பழையதையே காட்டும். தேதி மட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வரியைத் திரும்பப் போட்டேன், கோப்பிலும் எழுதினேன். அரை நிமிட வேலை. வியாழக்கிழமை வந்திருக்க வேண்டிய எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின.

லாரி ஓட்டுநரின் பொட்டாசியம் அளவு மீறிச் சிவப்பில் இருந்தது. அது ஏறினால் இதயம் நின்றுபோகலாம்.

"இத முன்னமே பார்த்திருந்தா டாக்டர் கூப்பிட்டு எக்ஸ்ட்ரா ஒரு தடவ ரத்தம் சுத்தம் பண்ணச் சொல்லியிருப்பாரு" என்றார் மிஸ்ஸி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்து காலையில வீட்டுல விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இதயமும் பலவீனமாகத்தான் இருந்தது, இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பேச்சால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மேலாளர் இன்னும் சுலபமாக முடித்தார். "லைன் டவுன்னு போட்டுரு. யாரு கேக்கப் போறா?" போட்டேன். பயந்துதான் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பிற்பகல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சீருடை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குத் தயாராக இருந்தார். உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வரி இருந்தது, அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, வேண்டாதது என்று நினைத்து அழித்தேன், அதனால் அண்ணனின் ரிசல்ட் வரவில்லை, லைன் கோளாறு என்று எழுதியது பொய். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டுவார் என்றுதான் போயிருந்தேன்.

தன் வேலைப் பையை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி யாரையும் கேக்கலியாம்மா?"

"இல்லக்கா."

"ரத்தம் ஜித்ராவுக்குப் போறது அங்க கூட்டுற அம்மாவுக்குக்கூடத் தெரியுமே. இது எங்க போற லைன்னு யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்க்கா."

அவர் பஸ் வந்துவிடும் என்று சொல்லி எழுந்து வீட்டைப் பூட்டினார்.