அண்ணி வேஷம்

நாத்தனார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த அன்று வீட்டு வாசலில் டாக்டர்கள் கூட்டம் தாங்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்ற மறந்து ஓடி வந்த சின்னப் பிள்ளைகள், கார் வைத்துக்கொண்டு வந்த பெரிய டாக்டர்கள் என்று தெருவே அடைத்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணியின் பக்கத்தில் வந்து, அந்த அம்மாவுக்கு அப்படி என்னதான் நோய் என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லா நோயும் இருந்துச்சு. ஒண்ணுகூட நிஜமில்லை," என்றார் அண்ணி.

தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கும்தான்.

அண்ணி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கணவரின் தங்கை பள்ளிக்கூடம் முடித்து, பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று கடைசிவரை அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொன்னால் போதும், சம்பளம் அதற்குத்தான். அவள் விடுவாளா? கடைசி வண்டி கிளம்புகிறது என்பதை, இனி இந்தப் பிறவியில் வண்டியே கிடையாது என்கிற மாதிரித் தழுதழுத்துச் சொல்வாள். அதைக் கேட்டு வேறு ஊர் வண்டியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்கள்கூட மூட்டை முடிச்சோடு இறங்கி ஓடி வந்து இதில் ஏறிக்கொள்வார்கள். நிலைய மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

தொழிலாளர் மன்ற நாடகங்களில் ராணி, மாமியார், பேய் என்று எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். பேய் வேஷத்தில்தான் என் தங்கை கொஞ்சம் அடக்கி வாசிப்பாள் என்று அவள் அண்ணன் கேலி செய்வார். வீட்டிலும் திரை இறங்கியதே இல்லை. காப்பீட்டு முகவர் கதவைத் தட்டினால் இரண்டு காதும் கேட்காத கிழவியாகிவிடுவாள். பாத்திரம் தேய்க்கிற முறை அவளுடையது என்றால் சமையலறை நடுவிலேயே மயக்கம் போட்டு விழுவாள். முதல் தடவை அண்ணி பதறித் தண்ணீர் தெளித்தார். அதோடு சரி. அதற்கப்புறம் எல்லாம், எழுந்திருக்கும்போது அந்தச் சட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். உலகத்தையே ஏமாற்றுகிறவள் அண்ணியிடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் மூக்குடைபட்டாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அண்ணிக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. தன் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்த நாள் அது. டாக்டர் வாயைத் திறந்த உடனே நாத்தனார் நடைபாதையில் விழுந்து புரண்டு கத்திய கத்தலில் மாடியிலிருந்தெல்லாம் ஆள் ஓடி வந்தார்கள். நர்சுகள் அவளைத் தாங்கினார்கள், அவளுக்கு விசிறினார்கள், அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் போன நாளில்கூட இவளுக்குத்தான் கதாநாயகி வேஷமா என்று அண்ணிக்கு வயிறு எரிந்தது. வெளியே சொல்லவில்லை. சொல்லாததாலேயே வருஷக்கணக்கில் அது ஆறவும் இல்லை.

நாத்தனார் ஓய்வு பெற்றாள். மன்றத்தைக் கிடங்காக்கிவிட்டார்கள். முழங்கால் தேய்ந்துபோய் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. இனி எந்த மேடை அவளைக் கூப்பிடப் போகிறது? ஆள் கூம்பிப்போனாள். பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் மயக்கம் போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தெரு நர்ஸ் ஒரு சேதி சொன்னாள். மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பழகுவதற்காக நோயாளி மாதிரி நடிக்க வயசானவர்கள் வேண்டுமாம். நாத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே போனாள். கொடுத்த வேஷம் சாதாரண வயிற்றுவலி. இவள் வயிற்றுவலியோடு நெஞ்சுவலி, தலைசுற்றல், இடது கண்ணில் பூச்சி பறப்பது எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாள். பாவம், அந்த மாணவன் எழுதி மாளாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பயிற்சி நடத்துகிற டாக்டரம்மா கறாரான பேர்வழி. ஆஸ்பத்திரியில் யாரும் இப்படி இருப்பதில்லை, இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன், அதுவும் மேடை நாடகமாக இருந்தால் திரும்பக் கூப்பிட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அடுத்த வேஷம், கணவன் இறந்துவிட்டான் என்று கேள்விப்படுகிற மனைவி.

வீட்டுக்கு வந்த நாத்தனார் ஒத்திகை பார்க்கவே இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கவில்லை, கத்திப் பார்க்கவில்லை. அறையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. இதுவும் போனால் இவள் படுக்கையில் விழுந்துவிடுவாள் என்று அண்ணிக்கு நன்றாகத் தெரிந்தது. நாத்தனார் கூட வரச் சொன்னபோது மறுக்காமல் கிளம்பினார்.

பயிற்சி அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். உள்ளே நடப்பது வெளியே தெரியும், பேசுவதும் கேட்கும், வெளியே இருப்பவர்கள் உள்ளே தெரிய மாட்டார்கள். டாக்டரம்மாவும் மற்ற மாணவர்களும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். நேரம் முடிந்ததும் அடிக்க டாக்டரம்மாவின் கையில் ஒரு மணி. அண்ணி ஓரமாக உட்கார்ந்தார்.

உள்ளே நாத்தனார் மடியில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாணவி வந்தாள். சின்னப் பெண்.

"எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணோம்மா. அவரைக் காப்பாத்த முடியல."

சரி, இப்போது விழுவாள் என்று அண்ணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் விழவில்லை. பையைத் திறந்து ஒரு ஃப்ளாஸ்கை எடுத்தாள். மூடியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மூடியை மறுபடியும் இறுக்கினாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"காபி சூடா இருக்கு. அவருக்குன்னு கொண்டு வந்தேன். நீங்க குடிக்கிறீங்களா டாக்டர்?"

அந்த ஃப்ளாஸ்க் அண்ணியுடையது. அந்த மூடியை அப்படித் திருகியது அவருடைய கை. அன்று அந்த மூலையில் நின்றுகொண்டு, எதிரே வந்த யாரோ ஒரு டாக்டரிடம் இதே வார்த்தைகளைக் கேட்டது அவர்தான். கேட்டதை நினைத்து வெட்கப்பட்டு, ஒருவரும் பார்க்கவில்லை என்று அதையே ஆறுதலாக வைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறையும்.

மாணவிக்குப் படித்து வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்கோடு சேர்த்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. டாக்டரம்மா மணியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்த நாத்தனார் டாக்டரம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அண்ணியிடம் வந்தாள். முகத்தில் பயம், நிஜமான பயம். இத்தனை வருஷத்தில் அந்த வித்தியாசம் அண்ணிக்குத் தெரியாதா என்ன?

"கோவமா அண்ணி? அன்னைக்கு நான் கத்தின கத்தல்ல உங்களை யாருமே கவனிக்கல. எனக்குத் தெரியும். கீழே கிடந்து உங்களையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எழுந்து வரத்தான் முடியல."

அண்ணி நாத்தனாரின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார். வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்த எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். வாரா வாரம் வர முடியுமா என்றார். இத்தனை வருஷமாக இந்தப் பயிற்சியை நடத்துகிறேன், இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை, இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள், அண்ணியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் ஊமையாக நின்றாள்.

அண்ணி எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஒலிபெருக்கி இல்லாமலே நடைபாதையின் கடைசிவரை கேட்கிற குரலில் சொன்னார்.

"அது நான்தாங்க. என் நாத்தனார் என்னைத்தான் நடிச்சா. அச்சு அசல் நானேதான்."