வளைகாப்பு எனக்கு நடந்தது

1993-ஆம் ஆண்டுத் தினசரிக் காலண்டரிலிருந்து நான் கிழித்துப் பத்திரப்படுத்திய தை மாதத் தாள் ஒன்றில் என் கையெழுத்து: "வளைகாப்பு. கண்ணாடி வளையல் கூடாது." அந்தக் கர்ப்பத்தில் நான் எழுதிய ஒரே குறிப்பு இதுதான். முன்பு இரண்டு முறை, நாள் தள்ளிப்போனதுமே காலண்டரில் பிரசவத் தேதி குறித்தேன். இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை.

"இந்தத் தடவை காலண்டர் பக்கம் போனீங்க, பேனாவை உடைச்சிடுவேன்" என்றாள் மனைவி.

பழி காலண்டர்மேல் இல்லை என்பது அரிவாள்மணையால் தெரிந்தது. கத்திரிக்காய் நறுக்கும்போது அவள் விரலில் வெட்டு. மாமியார் காப்பிப் பொடியை அப்பினார். நின்ற ரத்தம் மறுநாள் மறுபடி வந்தது. வழக்கமான சோதனைகளில் குறை தெரியவில்லை. நகரத்து மருத்துவர் ஒருவர் மட்டும், உறைந்த ரத்தத்தை யூரியாக் கரைசலில் போட்டுவைத்தார். கரையக் கூடாதது கரைந்துவிட்டது. உறைந்ததை இறுக்கிப் பிடிக்கும் பதின்மூன்றாம் காரணி என்ற புரதம் அவளிடம் இல்லை. கருப்பையில் கரு நிலைப்பதற்கும் அது வேண்டுமாம்.

"தயிர் உறையுது, கெட்டியா நிக்கல. அவ்வளவுதானே டாக்டர்?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதாம்மா. கெட்டியாக்கிப் பாப்போம்."

மாதந்தோறும், பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா ஏற்றினார்கள். மூன்றாம் மாதம் கடந்தது, ஏழாவதும் வந்தது. அப்போதுதான் கண்ணாடி வளையலுக்கு டாக்டர் தடை போட்டார். உடைந்து கிழித்தால் வம்பு.

"பிளாஸ்டிக் வளையல்ல வளைகாப்பா? உள்ள இருக்கிற குழந்தைக்கு எப்படி மாப்ள சத்தம் கேக்கும்?" என்றார் மாமியார்.

"அவருக்குப் போட்டு விடேம்மா. அவர் ரத்தந்தான் சிமெண்ட் மாதிரி உறையுதே" என்றாள் மனைவி.

வளைகாப்புக்கு வந்திருந்த பெண்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கைகளில் சோப்பு தடவிப் பச்சையும் சிவப்புமாக ஏற்றிவிட்டார்கள். பிரசவம் வரை கழற்றக் கூடாதாம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். மேல் கம்பியைப் பிடித்ததும் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னா சார், வூட்ல விசேஷமா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"ஆமாங்க, ஏழாம் மாசம்."

"யாருக்கு சார்?"

மாலையில் வீடு திரும்பியதும் மனைவியின் வயிற்றருகே கைகளைக் குலுக்க வேண்டும். அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். உள்ளிருந்து உதை வந்த பிறகுதான் இருவருக்கும் காப்பி இறங்கும்.

பெண் குழந்தை பிறந்தது. வளையல்களைக் கழற்றும்போது ஒன்று உடைந்து என் மணிக்கட்டைக் கீறியது. மாமியார் காப்பிப் பொடியோடு ஓடிவந்தார். மிச்ச வளையல்களை ஒருநாள் தொட்டிலருகே குலுக்கினேன். குழந்தை தலையைத் திருப்பினாள்.

"பாத்தீங்களா, அடையாளம் தெரிஞ்சுக்கிட்டா!" என்றாள் மனைவி.

எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. அதே நேரத்தில் ஒரு ரயிலும் ஹாரன் அடித்தது. குழந்தை திரும்பியது எதற்கு என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.